சாமியைக் கழித்துவிட்டு அறிவை மட்டும் எடுக்கலாமா?

பழங்குடி மக்களிடம் பயனுள்ள அறிவு நிறைய இருக்கிறது, அதை எடுத்துச் சோதிப்போம், தேறியதை வைத்துக்கொள்வோம். கூடவே ஒட்டிக்கொண்டு வரும் சாமி, சடங்கு, முன்னோர், தீட்டு எல்லாவற்றையும் மரியாதையாக ஒதுக்கிவிடுவோம். சூழலியல் கருத்தரங்கு முதல் முற்போக்கு மேடை வரை இன்று பெரும்பாலும் ஒப்புக்கொள்ளப்பட்ட கருத்து இது. இதைச் சொல்பவர்கள் பழங்குடிகளின் எதிரிகள் அல்லர். 'காட்டுக்காரனுக்கு என்ன தெரியும்' என்று கேட்ட கூட்டத்தோடு மல்லுக்கட்டித்தான் அவர்கள் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அதனாலேயே இதை மறுத்துப் பேச ஆள் கிடைப்பதில்லை. நான் மறுக்கிறேன்.

இதைச் சல்லடை வாதம் என்று வைத்துக்கொள்வோம். அறிவு கீழே விழும், நம்பிக்கை மேலே தங்கும், தங்கியதைத் தூரக் கொட்டலாம் என்பது இதன் எதிர்பார்ப்பு. அப்படிக் கொட்டப்படுவதற்குள்தான் அந்த அறிவை உண்டாக்கி, சரிபார்த்து, கட்டுக்குள் வைக்கிற ஏற்பாடு முழுவதும் இருக்கிறது என்பது என் வாதம். அதைக் கொட்டிய பிறகு கையில் மிஞ்சுபவை சில தகவல்கள். தகவலை யாரும் பயன்படுத்தலாம், யாரும் விற்கலாம், அதைக் கெடுத்தால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

2021 ஜூலையில் ஆக்லாந்து பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஏழு பேர் நியூசிலாந்தின் 'லிஸனர்' இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். மாவோரி மக்களின் அறிவு பண்பாட்டைப் பேணுவதற்கு முக்கியம், ஆனால் அது அறிவியல் ஆகாது என்பது அதன் சாரம். பெரும் சண்டை மூண்டது. சண்டை போட்டவர்களில் பெரும்பாலோர், அது அறிவியலா இல்லையா என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பட்டம் கொடுப்பதா மறுப்பதா என்ற சண்டையில், அந்த அறிவு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க யாருக்கும் பொழுதில்லை. அதைப் பார்க்க நியூசிலாந்து வரை போகவும் வேண்டாம்.

சத்தியமங்கலம் மலைகளுக்கு வடக்கே, கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் பிலிகிரிரங்கன் மலை இருக்கிறது. சுமார் 540 சதுர கிலோமீட்டர் காடு. மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் சந்திக்கும் இடம். அங்கே வாழ்பவர்கள் சோளகர். அவர்களுடைய சொந்தங்கள் தாளவாடி, பர்கூர் பக்கம் நம் ஈரோடு மாவட்டத்திலும் இருக்கிறார்கள். ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' நாவல் 2004-இல் வந்த பிறகுதான் தமிழ் வாசகர்களில் பலர் அந்தப் பெயரையே கேள்விப்பட்டார்கள். வீரப்பன் தேடுதல் வேட்டையில் அவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியவந்தது. அவர்கள் பட்டது தெரியும். அவர்களுக்குத் தெரிந்தது என்ன என்று நாம் இன்னும் கேட்கவில்லை.

சோளகர் ஆண்டுதோறும் காட்டில் தீ வைத்தார்கள். சருகு காய்ந்திருக்க வேண்டும், ஆனால் கோடையின் வறட்சி வந்திருக்கக் கூடாது. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் தரையோடு தவழ்ந்து போகும் சிறு தீ. அதைத் 'தரகு பெங்கி' என்பார்கள், அதாவது சருகுத் தீ. பெரிய மரங்களுக்கு அதனால் சேதமில்லை. கீழே கிடக்கும் சருகும் புதராகக் கிளம்பும் நாற்றும் எரியும். மழை விழுந்ததும் புல் தழைக்கும், புல்லைத் தேடிக் கடமானும் காட்டெருதும் வரும். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே வனத்துறைக்கு இந்தத் தீ ஆகாது. காப்புக்காட்டில் தீ வைப்பது வனச்சட்டப்படி குற்றம். 1974-இல் மலை வனவிலங்குச் சரணாலயமானது. 'போடு' என்று அவர்கள் சொல்லும் குடியிருப்புகளிலிருந்து சோளகர் பலர் வெளியேற்றப்பட்டுக் காலனிகளில் குடியமர்த்தப்பட்டார்கள். இடம் மாற்றி மாற்றி விதைக்கும் வேளாண்மை நின்றது. சருகுத் தீயும் நின்றது.

பிறகு வந்தது உண்ணிச்செடி. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்து அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அமெரிக்கச் செடி. பெங்களூரைச் சேர்ந்த ஏட்ரீ ஆய்வு நிறுவனத்தார் பிலிகிரிரங்கன் மலைக்காட்டில் ஆய்வுத் திட்டுகள் அமைத்து அதைக் கணக்கெடுத்தார்கள். 1997-இல் ஏறத்தாழ 40 விழுக்காட்டுத் திட்டுகளில் உண்ணிச்செடி இருந்தது. 2008-இல் மறுபடி பார்த்தபோது அது 80 விழுக்காட்டை எட்டியிருந்தது. சோளகர் இதற்குச் சொன்ன காரணம் சுருக்கமானது. ஆண்டுதோறும் போன சிறு தீயில் உண்ணிச்செடியின் விதையும் நாற்றும் கருகும், தீயை நிறுத்தினீர்கள், அது காடு பிடித்தது.

நெல்லி மரத்திலும் இதே கதைதான். காட்டு நெல்லிக்காய் சோளகருக்கு முக்கிய வருமானம். மரங்கள் நலிகின்றன, புதுக் கன்றுகள் குறைவு என்று தெரிந்ததும் ஆய்வாளர்களுக்கு முதலில் வந்த சந்தேகம் பறிப்பவர்கள் மேல்தான். சோளகர் மரத்தைக் காட்டினார்கள். கிளைகளில் புல்லுருவி பிடித்திருந்தது. 'உப்பிலு' என்று அவர்கள் அதைச் சொல்வார்கள். தீ நின்ற பிறகுதான் அது இப்படிப் பெருகியது என்றார்கள். 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை அவர்கள் சொன்னதைப் பொருட்படுத்திச் சோதித்துப் பார்த்தது. நெல்லியின் நலிவைப் புரிந்துகொள்ளப் பறிப்பை மட்டும் பார்த்தால் போதாது, புல்லுருவியையும் தீயையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்தது.

சல்லடை வாதிகள் இங்கே முகம் மலர்வார்கள். நாங்கள் சொல்வதும் இதைத்தானே! சோளகர் சொன்னதில் இரண்டு கருதுகோள்கள் இருந்தன, சோதித்தோம், தேறின. இனி வனத்துறையே ஜனவரியில் ஆள் வைத்துச் சருகை எரிக்கலாம். இதில் சாமிக்கு என்ன வேலை?

வேலை இருக்கிறது. ஜனவரியில் எரி என்பது தகவல். எந்தச் சரிவில், எந்த நாளில், யார் எரிப்பது, எது வரை, தவறினால் யார் பொறுப்பு என்பவை அந்தத் தகவலுக்குள் இல்லை. சோளகரிடம் இவற்றுக்கெல்லாம் விடை இருந்தது, அந்த விடை அவர்களுடைய குலங்களும் சாமிகளும் குடியிருக்கும் நிலத்தில் இருந்தது. ஒவ்வொரு குலத்துக்கும் 'எல்லெ' என்று ஒரு நிலப்பரப்பு உண்டு. அதற்குள் அந்தக் குலத்தின் தேவரு இருக்கும், மாரம்மா இருக்கும், வீரு இருக்கும், இறந்தவர்களுக்கு நட்ட கல்குடி இருக்கும், அப்பி என்கிற நீரூற்று இருக்கும். சோளகரும் ஏட்ரீ ஆய்வாளர்களும் சேர்ந்து இந்த இடங்களை வரைபடத்தில் குறித்தபோது 489 இடங்கள் தேறின. 540 சதுர கிலோமீட்டரில் 489. ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஓர் இடம். அந்த ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு குலம் கடமைப்பட்டிருக்கிறது. பூசை செய்யத் தம்மடி போக வேண்டும், குலத்தார் கூடப் போக வேண்டும், போகும் வழியெல்லாம் காட்டைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். எந்த ஊற்று வற்றியது, எந்தச் சரிவில் புதர் ஏறியது, எந்த மரத்தில் இந்த ஆண்டு தேன் கட்டவில்லை என்பதெல்லாம் அந்த நடையில் தெரிகிறது. இதற்கு இணையான காடு கண்காணிப்பு ஏற்பாடு ஒன்றை வனத்துறை உண்டாக்க வேண்டுமென்றால் எத்தனை காவலர் வேண்டும், எவ்வளவு சம்பளம் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சம்பளத்துக்கு வருபவர் ஊற்று வற்றியதைக் குறித்து வைப்பார். குலத்தாருக்கு அது தங்கள் வீட்டில் நேர்ந்த குறை.

மலை உச்சிக் கோயிலில் இருக்கும் ரங்கசாமி, சோளகர் கதைப்படி அவர்கள் வீட்டுப் பெண் குசுமாலையைக் கட்டியவர். ஆகவே மைத்துனர் முறை. புலியும் உறவுக்குள்தான் வருகிறது, ஹுலிவீரப்பா என்று சாமியாக. தேன் எடுத்தால் மரம் ஏற முடியாத புலிக்குக் கொஞ்சம் தரையில் விட்டு வருவோம் என்று சோளகர் சொல்வதுண்டு. புலி தேன் தின்னுமா என்று ஒருவர் கேட்டால், அவர் கேள்வியைத் தவறான இடத்தில் கேட்கிறார். அடையை முழுக்க வழித்தெடுத்துக்கொண்டு போகாத ஒரு கை அங்கே பழகியிருக்கிறது. அந்தக் கையைப் பழக்கியது எது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. மைத்துனர் வீட்டில் உரிமையோடு உட்கார்ந்து சாப்பிடலாம், கேலி பேசலாம், சண்டையும் போடலாம். வெறுங்கையோடு போகக் கூடாது, பானையைக் காலி செய்யக் கூடாது. உறவு என்றால் இவ்வளவும் சேர்ந்ததுதான். 'இயற்கை வளத்தை நீடித்த முறையில் பயன்படுத்துதல்' என்று நாம் அறிக்கையில் எழுதுவது அங்கே முறைமையாக இருக்கிறது, அதனால்தான் அது நடக்கிறது. நம் அறிக்கைகள் நடப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நானும் பாதிக் கதை சொன்னவன் ஆவேன். இன்று பிலிகிரிரங்கன் மலையில் பழையபடி தீ வைத்தால் பழைய பலன் கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆள் உயரம் வளர்ந்து அடர்ந்து கிடக்கும் உண்ணிப் புதரே இப்போது எரிபொருள். தரையில் தவழ வேண்டிய தீ மரத்தில் ஏறும், எரிந்த இடத்தில் மறுபடியும் உண்ணியே முளைக்கலாம். உண்ணியும் தீயும் ஒன்றையொன்று வளர்க்கும் சுழற்சியைப் பற்றி ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். காடு மாறிவிட்டதைச் சோளகரும் அறிவார்கள். இந்தச் சிக்கல் என் வாதத்துக்குத்தான் பலம். 'ஜனவரியில் எரி' என்ற தகவலை 1970-இல் சலித்தெடுத்துப் பாடப்புத்தகத்தில் போட்டிருந்தால் இன்று அது ஆபத்தான பாடம். மாறிய காட்டில் என்ன செய்வது என்று புதிதாகக் கண்டுபிடிக்க, அந்தக் காட்டில் ஆண்டெல்லாம் நடக்கிற, அதற்குக் கடமைப்பட்ட மனிதர்கள் வேண்டும். அவர்களைக் காலனிக்கு அனுப்பிவிட்டோம். அவர்கள் பிள்ளைகளை விடுதியில் சேர்த்துவிட்டோம். பிறகு, அறிவு அழிந்து வருகிறது, சீக்கிரம் ஆவணப்படுத்துங்கள் என்கிறோம்.

நல்ல எண்ணத்தோடு சலித்தால் என்ன ஆகும் என்பதற்கு அகத்தியர் மலை சாட்சி. 1987-இல் கேரளப் பக்கமாக மலையேறிய ஆய்வாளர் குழுவுக்கு வழிகாட்டிகளாகக் காணிக்காரப் பழங்குடியினர் சிலர் போனார்கள். ஆய்வாளர்களுக்கு மூச்சு வாங்கியது, காணிக்காரருக்கு வாங்கவில்லை. அவர்கள் இடையிடையே ஏதோ ஒரு சிறு காயைத் தின்றுகொண்டே நடந்தார்கள். அது என்ன என்று கேட்டபோது முதலில் சொல்ல மறுத்தார்கள், வெளியாருக்குச் சொல்லக் கூடாதது என்றார்கள். வற்புறுத்திய பிறகு காட்டினார்கள். அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரத்து வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதைச் சோதித்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995-இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு உற்பத்தி உரிமம் போனது, 10 லட்சம் ரூபாய்க்கும் 2 விழுக்காடு உரிமைத்தொகைக்கும். கிடைத்ததில் பாதி காணிக்காரருக்கு என்று நிறுவனம் முடிவு செய்தது. அந்தக் காலத்தில் அப்படி ஒரு முடிவைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அதற்காக அந்த விஞ்ஞானிகளைப் பாராட்டத்தான் வேண்டும். பயன்பகிர்வுக்கு உலக முன்மாதிரி என்று மாநாட்டுக்கு மாநாடு இந்தக் கதை சொல்லப்பட்டது.

கதையின் மறுபாதியை மாநாட்டில் சொல்வதில்லை. காணிக்காரரிடம் மருந்தறிவு எல்லோருக்கும் பொதுவாக இருந்ததில்லை. பிலாத்தி எனப்படும் வைத்தியர்களிடம் இருந்தது. நோய் பார்ப்பது, மந்திரம் சொல்வது, மருந்து கொடுப்பது, எதை யாருக்குச் சொல்லலாம் என்று தீர்மானிப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. அவர்களில் சிலர் 1995-இல் எழுத்து மூலமாகவே எதிர்ப்புத் தெரிவித்தார்கள், எங்கள் அறிவைத் தனியார் நிறுவனத்துக்கு விற்காதீர்கள் என்று. பணத்தைப் பெற்றுக்கொள்ளக் காணிக்காரருக்கு ஓர் அமைப்பு வேண்டும் என்பதால் 1997-இல் ஓர் அறக்கட்டளை பதிவாயிற்று. பணம் கைக்கு வர 1999 ஆனது. இதற்கிடையே மருந்துக்கு வேண்டிய இலை காப்புக்காட்டில் இருந்தது. அதை வளர்த்துப் பறித்து விற்கக் காணிக்காரருக்கு வனத்துறை அனுமதி தரவில்லை, செடி அழிந்துவிடும் என்று அஞ்சியது. சொல்லக் கூடாது என்ற தடையையும், அந்தத் தடையைக் காவல் காத்த பிலாத்தியையும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கியாயிற்று. அந்தத் தடை செய்துவந்த வேலைதான் செடியைக் காப்பது. பிறகு அதே வேலையைச் செய்ய வனத்துறை தடை போட்டது, அதுவும் காணிக்காரர் மேல்.

சாமியை ஒதுக்காமல் நின்றவர்கள் என்ன ஆனார்கள்? ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் எடுக்க வேதாந்தா நிறுவனம் வந்தது. அடிவாரத்தில் லாஞ்சிகட்டில் ஆலையே கட்டிவிட்டது. மலையில் வாழும் டோங்ரியா கோண்டு மக்களுக்கு நல்லெண்ணம் கொண்ட நகரத்து நண்பர்கள் எத்தனையோ வாதங்களை எடுத்துக் கொடுத்திருக்கலாம்: நீரூற்று, காடு, வாழ்வாதாரம், உடல்நலம். அவையெல்லாம் உண்மையான வாதங்கள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் இழப்பீடு என்று ஒரு விலை போட முடியும். ஊற்றுக்குப் பதில் குழாய், காட்டுக்குப் பதில் வேறோர் இடத்தில் மரக்கன்று. டோங்ரியா மக்கள் சொன்னது, மலை நியமராஜாவின் இருப்பிடம் என்பது. 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் சட்டத்தின் கேள்வியாகவே எடுத்துக்கொண்டது. வன உரிமைச் சட்டப்படி அவர்களுடைய வழிபாட்டு உரிமை பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்றது. அந்த ஆண்டு ஜூலை, ஆகஸ்டில் 12 கிராமங்களில் சபை கூடியது. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் மத்திய அரசு அனுமதியை மறுத்தது. மலை இன்றும் நிற்கிறது. நம்பிக்கையை விட்டுவிட்டு வாருங்கள், பேசலாம் என்று அழைத்தவர்கள் பேச்சைக் கேட்டிருந்தால் இந்நேரம் அங்கே குழி இருந்திருக்கும்.

இனி, எதிர்த்தரப்பின் வலுவான கேள்விக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் இதை எழுதும் யாரும் அதைத் தட்டிக்கழிக்க முடியாது. பழங்குடியின் சாமியை அறிவின் பகுதி என்று ஒப்புக்கொண்டால், நாளைக்கு ஜோசியனும் பசு மூத்திரம் விற்பவனும் 'நாங்களும் வேறொரு அறிவு மரபுதான்' என்று வந்து வரிசையில் நிற்பார்களே? சாமியின் பெயரால் மனிதனைத் தாழ்த்திய தேசத்தில், பெரியார் பேசிய மண்ணில் நின்றுகொண்டு இப்படிப் பேசலாமா?

பேசலாம், வேறுபாட்டை மழுப்பாமல் பேசினால். நம்பிக்கையின் சுமையை யார் சுமக்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். சோளகரின் மாரம்மா சோளகரிடம்தான் கேட்கிறாள். நடக்கச் சொல்கிறாள், விட்டு வைக்கச் சொல்கிறாள், பறிக்காதே என்கிறாள். பக்கத்து ஊர்க்காரனைக் கீழ்சாதி என்று அவள் சொல்லவில்லை. தட்சிணை கேட்டு ஊர் ஊராக வரவில்லை, பல்கலைக்கழகத்தில் துறை கேட்கவில்லை. அவள் அதிகாரம் அந்தக் குலத்தின் எல்லையோடு முடிகிறது. பெரியார் உடைத்தது, ஒருவன் நம்பிக்கைக்கு இன்னொருவன் முதுகைக் கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை. அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டே காட்டுக்குள் போகலாம். போனால் சிலதை ஏற்க முடியாது என்பதும் தெரியும். ஜார்க்கண்டில் சூனியக்காரி என்று முத்திரை குத்திப் பெண்களைக் கொல்கிறார்கள், அதைத் தடுக்கவே தனிச் சட்டம் வேண்டியிருக்கிறது. கொலையுண்டவள் பழங்குடிப் பெண், கொன்றவனும் அதே ஊர்க்காரன் என்பதால் அது பண்பாடு ஆகிவிடாது. சுமை இன்னொருத்தி உடம்பின் மேல் விழுகிறது, அங்கே சட்டம் போக வேண்டும்.

ஜோசியர் விஷயமும் அப்படியே. அவர் சொல்லும் உண்மை எந்த இடத்துக்கும் கட்டுப்பட்டதல்ல. கிரகம் எல்லோர் தலைக்கு மேலும் சுற்றுகிறது, பலிக்காவிட்டால் பரிகாரம் இருக்கிறது, பரிகாரத்துக்குக் கட்டணம் இருக்கிறது. சோளகர் சருகுத் தீயைப் பற்றித் தவறாகச் சொல்லியிருந்தால் அடுத்த கோடையில் அவர்கள் வீடுதான் எரிந்திருக்கும். தவறினால் தானே சுடும் இடத்தில் வாழ்பவனின் சொல்லுக்கு ஒரு நம்பகம் உண்டு. ஆய்வுக்கூடத்துக்கு வெளியேயும் சரிபார்ப்பு நடக்கிறது, தலைமுறைக் கணக்கில், மெதுவாக. இதை ஒப்புக்கொள்வதில் பகுத்தறிவுக்கு ஒரு குறையும் வராது. அப்படியானால் சாமி நிஜமா என்று யாராவது கேட்டால், எனக்குச் சாமி இல்லை. டோங்ரியா கோண்டுகளோடு பேச அந்தக் கேள்விக்கு நான் விடை கண்டுபிடித்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே கேட்கவில்லை.

எதிர்முனையில் இருப்பவர்களுக்கு ஒரே பத்திதான், அதற்கு மேல் வேண்டாம். பழங்குடி ஞானம் நம் நகரத்து மன உளைச்சலுக்கு மருந்து என்று வார இறுதி முகாம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பூமித்தாய், பிரபஞ்ச ஒருமை, முரசொலி, மூலிகைப் புகை. இவர்கள் நம்பிக்கையை எடுத்துக்கொண்டு நிலத்தை விட்டுவிடுகிறார்கள். சல்லடையைத் தலைகீழாகப் பிடித்தாலும் அது சல்லடைதான். குலமும் எல்லையும் கல்குடியும் இல்லாத 'இயற்கையோடு ஒன்றுதல்' யாரிடமும் எதையும் கேட்பதில்லை, அதனால்தான் அது இவ்வளவு நன்றாக விற்கிறது.

பிற அறிவு முறைகளிடம் கற்பது என்றால் என்ன என்பதற்கு ராபின் வால் கிம்மரர் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அமெரிக்காவின் பொட்டவாட்டமி இனத்தவர், தாவரவியலாளர். கூடை முடையும் பழங்குடிப் பெண்கள், நாங்கள் முறையாகப் பறிக்கும் இடத்தில் நறும்புல் செழிக்கிறது, பறிக்காமல் விட்ட இடத்தில் நலிகிறது என்றார்கள். பறித்தால் குறையும் என்பதுதான் துறை வல்லுநர்களின் எதிர்பார்ப்பு. கிம்மரரின் மாணவி வயலில் சோதித்தபோது கூடைக்காரிகள் சொன்னது சரியாக இருந்தது, பறிக்காத திட்டுகளே நலிந்தன. 2013-இல் வந்த 'பிரெய்டிங் ஸ்வீட்கிராஸ்' நூலில் இதை எழுதும்போது அவர் 'உண்மை நிரூபணமானது' என்று கதையை முடித்துவிடவில்லை. எடுப்பதற்கு முன் கேட்பது, பாதிக்கு மேல் எடுக்காதது, பதிலுக்கு ஏதாவது கொடுப்பது என்று அந்தப் பெண்கள் பின்பற்றிய முறைமைகளோடு சேர்த்தே சொல்கிறார். பறிப்பதால் செழிக்கும் என்ற ஒற்றை வரியை மட்டும் வாங்கிக்கொண்டு ஒரு நிறுவனம் இயந்திரத்தோடு அந்த வயலில் இறங்கினால் என்ன மிஞ்சும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அறிவியல் வேண்டாம் என்று இதில் எங்கேயும் நான் சொல்லவில்லை. நெல்லி மரத்துப் புல்லுருவியைச் சோதித்தவர்கள் விஞ்ஞானிகள்தான், 489 இடங்களைச் சோளகரோடு நடந்து குறித்தவர்களும் விஞ்ஞானிகள்தான். அந்த வரைபடம் பெட்டிக்குள் போகவில்லை, உரிமைப் போராட்டத்துக்கு உதவியது. காடு புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட 2011-ஆம் ஆண்டிலேயே, அக்டோபர் மாதம், பிலிகிரிரங்கன் மலையின் 25 கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. மக்கள் உள்ளே இருந்தால் புலி போய்விடும் என்று பயமுறுத்தியவர்கள் உண்டு. 2010-க்கும் 2014-க்கும் இடையே அங்கே புலிகள் ஏறத்தாழ இரு மடங்கானதாகக் கணக்கெடுப்பு சொன்னது. நல்ல அறிவியல் எது என்றால் இதுதான் என்பேன்: சொன்னவரை அவர் நிலத்தில் நிறுத்திவிட்டு, அவரோடு நடந்து, அவர் கேள்விக்கும் பதில் சொல்லுகிற அறிவியல்.

நம் பக்கம் என்ன நடக்கிறது? வன உரிமைச் சட்டம் 2006-இல் வந்தது. தமிழ்நாட்டில் உரிமைப் பட்டா வழங்குவது உயர் நீதிமன்றத் தடையால் 2008 முதல் முடங்கிக் கிடந்து, 2016-இல் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கிய பிறகே நகரத் தொடங்கியது. சத்தியமங்கலம் 2013-இல் புலிகள் காப்பகமானது. 2022-இல் தமிழ்நாடு அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்ற ஒரு கொள்கை வெளியிட்டது, உண்ணிச்செடி அதில் முக்கியமான எதிரி. கூடலூர்ப் பகுதியில் பெட்டகுறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் கைவினைஞர்கள் உண்ணிக் குச்சிகளை வளைத்து உயிரளவில் யானைகள் செய்கிறார்கள். அந்த யானைகள் 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்றன, பிறகு அமெரிக்கா போயின. பார்த்தவர்கள் வியந்தார்கள். செடியை வெட்டி யானை செய்ய அனுமதி உண்டு. அந்தச் செடியை முளையிலேயே கட்டுப்படுத்திவந்த தீ மட்டும் இன்றும் குற்றம். கைவேலையை ஏற்றுமதி செய்வோம், காட்டைப் பற்றி அவர்கள் வாய் திறந்தால் வழக்குப் போடுவோம். சல்லடை வாதம் நடைமுறையில் வந்து நிற்கும் இடம் இதுதான்.

உண்ணிச்செடியை அகற்ற ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பு, தாளவாடியிலும் பர்கூரிலும் கிராம சபையைக் கூட்டுங்கள். எந்தச் சரிவு எந்தக் குலத்துக்குக் கடமைப்பட்டது என்று அவர்கள் வரைந்து காட்டட்டும். எங்கே வெட்டுவது, எங்கே எரிப்பது, எங்கே கை வைக்கவே கூடாது என்பதைத் தம்மடியும் தலைவரான எஜமானும் உட்கார்ந்திருக்கும் அந்தச் சபை தீர்மானிக்கட்டும், வனத்துறையின் தாவரவியலாளரும் அங்கே உட்கார்ந்து பேசட்டும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். காட்டைப் பாதுகாக்கவும் மீட்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு உரிமை உண்டு என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது.